கிட்டார்க்காரர் மேடையிலிருந்து இறங்கியது ஏன்

அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் கோயில் கமிட்டித் தலைவர், பங்குனி மாதத் தொடக்கத்தில் ஹட்டனிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். திருவிழாவின் கடைசி நாளில் பழைய ரொக் கிட்டார்க்காரர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். அன்று மேடையில் வாசித்து, சட்டம் போட்டுக் கையில் கொடுக்க ஒரு வாழ்த்துமடல் வேண்டும். கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நீண்டகாலம் துணை ஆசிரியராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள் என்பதால் இந்த மாதிரி வேலைகள் என்னைத் தேடி வரும். கல்யாண வாழ்த்து, மரண அறிவித்தல், ஓய்வுபெறும் அதிபருக்குப் பிரியாவிடை எல்லாம் எழுதியிருக்கிறேன்.

தலைவர் வெறுங்கையோடு வரவில்லை. என்னென்ன சொற்கள் வரவேண்டும் என்று கமிட்டி முன்பே முடிவு செய்திருந்தது. 'கிட்டார் சக்கரவர்த்தி.' 'மலையகத்தின் இசை இமயம்.' 'விரல்களில் மின்னலைக் கட்டி ஆண்டவர்.' கடைசியாக ஒரு வரி: 'தப்பை மேடையேற்றிய முதல் கலைஞர்.'

"மத்ததெல்லாம் உங்க இஷ்டம் மிஸ். அந்தக் கடைசி வரி மட்டும் கட்டாயம் இருக்கணும். அதுக்காகத்தானே அவர கூப்பிடுறதே" என்றார்.

எங்கள் தோட்டங்களில் பறையைத் தப்பு என்போம். சாமி ஊர்வலத்துக்கும் சாவு வீட்டுக்கும் அது வேண்டும். காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குக் கூப்பிடவும் ஒரு காலத்தில் அதையே அடித்தார்கள். அடிக்கிறவர்கள் மேடைக்குக் கீழே, தோலைக் காய்ச்சி இறுக்க மூட்டிய நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அவர்கள் மேடையில் ஏறக்கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏறுங்கள் என்று யாரும் சொல்லியும் கேட்டதில்லை.

பத்திரிகை மேசையில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. புகழுரையில் ஒரு பெயரடையைப் பார்த்தால் அதற்கு யார் சாட்சி என்று கேட்பேன். சாட்சி இல்லையென்றால் வெட்டுவேன். சக்கரவர்த்தியும் இமயமும் மின்னலும் அப்படித்தான் போயின. கடைசி வரி பெயரடை அல்ல, நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு காரியம். அதை வெட்டவும் முடியாது, விசாரிக்காமல் எழுதவும் முடியாது.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அதே தோட்டத்துத் திருவிழாவில் அவருடைய குழு வாசித்தது. தோள்வரை முடி, அகலக் கால்சட்டை, உயரமான பூட்ஸ். கச்சேரியின் நடுவில் அவர் கிட்டாரோடு மேடையிலிருந்து கீழே குதித்து, தப்புக்காரர்களின் நடுவில் நின்று வாசித்தார். அன்று பிறந்த வாசிப்பைத்தான் ஜனங்கள் 'மலைப் பீஸ்' என்கிறார்கள். சொற்கள் இல்லாத பாட்டு அது. டயகமவிலிருந்து வலப்பனை வரைக்கும் அதற்கு ஆடாத கல்யாண வீடு இல்லை. பஸ்களில் இன்னும் ஓடுகிறது.

என்னிடம் அதன் கசெட் இருக்கிறது. தலைவர் போன பிறகு அதைப் போட்டு, வேலையாக உட்கார்ந்து கேட்டேன். கிட்டார் வேகமாக இல்லை. இன்று யூடியூபில் பார்க்கும் பையன்கள் இவரைவிட நாலு மடங்கு வேகமாக வாசிப்பார்கள். ஆங்கில ரொக்கிலிருந்து எடுத்த திருப்பங்கள் ஏழெட்டு இருக்கின்றன, மூலம் எதுவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கிட்டார் சட்டென்று நின்று, தாளத்துக்கு இடம் விட்டு, பிறகுதான் அடுத்ததைத் தொடங்குகிறது. அந்த இடைவெளிகள்தான் காலைத் தூக்கவைக்கின்றன. இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். அந்த இடைவெளியில் கேட்பது தப்பு அல்ல. ட்ரம்ஸில் ஒருவர் தப்பைப் போல அடிக்கிறார்.

ஹட்டனில் அவரைப்பற்றிப் பேச்சுக்கொடுத்தால் ஊர் இரண்டாகப் பிரியும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சலூன் வாசலில் நான் யாருக்காகவோ காத்திருந்தபோது உள்ளே நடந்த பேச்சு இது.

"அவரு என்னா புதுசா பண்ணிட்டாரு? வெள்ளக்காரன் வாசிச்சத வாசிச்சாரு. முடி மட்டும்தான் சொந்தமா வளத்தது."

"அதுவும் இப்ப இல்ல."

"ஏன்டா, அவரு இல்லாட்டி நம்ம ஊருல எவனாவது கிட்டார தொட்டிருப்பானா?"

"தொட்டவனெல்லாம் வேல வெட்டி இல்லாம இருக்கான். அதுக்கும் அவருக்கே பொன்னாட போத்துங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு அவருடைய வீட்டுக்குப் போனேன். ரோட்டிலிருந்து படியேற வேண்டிய வீடு. முன்னறையில் மாதா படம், அதற்குப் பக்கத்து ஆணியில் தலையணை உறை மாட்டிய கிட்டார். எழுபதைத் தாண்டியவர். மிச்சமிருந்த முடியைப் பின்னால் கட்டியிருந்தார். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. பேச உட்காருவதற்கு முன் கொலரைச் சரிசெய்துகொண்டார். படம் எடுப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

அன்றைக்கு ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

"கமிட்டிக்காரங்க அவங்கள மேல ஏறவிடல. நான் பாத்தேன். சரி, நீங்க அவங்கள ஏத்தமாட்டீங்க, நான் இறங்குறேன்." இங்கே ஒரு நிறுத்தம். "ஒரு கலைஞன் நிக்க வேண்டிய இடம் அதுதானே?"

நன்றாகச் சொன்னார். பல வருடங்களுக்கு முந்திய ஒரு பேட்டியிலும் இதே சொற்கள் இருந்தன. நிறுத்தமும் இதே இடத்தில்தான் வந்திருக்கும் என்று தோன்றியது. ஒரு கதையை ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சொன்னால் அது பொய் என்று அர்த்தமில்லை. அவர் அதை நினைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டார் என்று மட்டும் அர்த்தம்.

"கசெட்டில கேக்கிறது ட்ரம்ஸ்தானே?" என்றேன்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். "ஸ்டூடியோவில டைம் முடிஞ்சிருச்சு" என்றார். 

அவருடைய மனைவி வாசல்வரை வந்தார். "படியேறணும்னா காலையில இருந்தே யோசிக்கிறாரு மிஸ். முழங்கால் ரெண்டும் போச்சு. மேடையில உக்கார ஒரு கதிர போடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, கோவிப்பாரு."

அடுத்த வாரம் டயகம பஸ்ஸில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அன்று தப்படித்த குழுவில் உயிரோடிருப்பவர் ஒருவர்தான். கிட்டார்க்காரரைவிட நாலைந்து வயது மூத்தவர், மேல் லயத்தில் கடைசி வீடு. நான் போனபோது லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அடக்கமான ஆள் என்று எதிர்பார்த்துப் போனேன். அதை முதல் வார்த்தையிலேயே கெடுத்தார்.

"இந்தப் பக்கத்துல என்ன மாதிரி அடிக்க ஆளில்ல. நான் செத்தா எனக்கு அடிக்கத்தான் நல்ல ஆளு கிடைக்காது, அதான் கவல."

தப்பு அடுப்புக்கு மேலே, புகை படும்படி தொங்கியது. அவர் அதை இறக்கவில்லை. நான் வாழ்த்துமடலின் கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார்.

"மேடையேத்துனாரா? யார ஏத்துனாரு? நான் இன்னைக்கு வரைக்கும் அந்த மேடையில ஏறுனதில்ல பிள்ள. கூட்டிப் பெருக்கக்கூட ஏறுனதில்ல."

"அவர் கீழ இறங்கினது உண்மைதானே?"

"அது உண்ம. குதிக்கல்லாம் இல்ல. பூட்ஸ் வழுக்குதுன்னு ஏணிய பிடிச்சுக்கிட்டு இறங்குனாரு." சிரித்தார். "ஏன் இறங்குனாருன்னு கேளு. ஸ்பீக்கர் பாக்ஸெல்லாம் சனத்தப் பாத்து வச்சிருக்கு. நாங்க மேடைக்குப் பின்பக்கம் நெருப்புக்கிட்ட நிக்கிறோம். எங்க அடி அவருக்குக் கேக்கல. ரெண்டு தரம் தாளத்த விட்டாரு. மூணாந்தரம் விட்டா சனம் கூச்சல் போடும்ல? கேக்கணும்னு இறங்கி வந்தாரு. என் கைய பாத்து வாசிச்சாரு."

அதைச் சொல்லும்போது அவருக்குக் கிட்டார்க்காரரைக் குறைத்துவிட்ட சந்தோசம். எனக்கு அப்படிப் படவில்லை. தாளம் தவறினால் மேடைக்காரர்கள் வழக்கமாகச் செய்வது தங்கள் சத்தத்தைக் கூட்டுவதுதான். நான் பார்த்த கச்சேரிகளில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். கேட்பதற்காக ஏணியைப் பிடித்து இறங்கியவர் இவர் ஒருவர்தான். ஆனால் அதை அவரே எந்தப் பேட்டியிலும் சொல்லவில்லை. தாளத்தை விட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே.

கசெட்டைப்பற்றிக் கேட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"கொழும்புக்குக் கூட்டிட்டுப் போனாரு. மல்லாந்து படுத்தா ஐஸ் பெட்டியில வச்ச மாதிரி இருக்கும், அப்படி ஒரு ஏசி ரூமு. ரெண்டு அடி அடிச்சேன், தோலு தொங்கிருச்சு. நெருப்பு வேணும்னேன். அங்க இருந்தவன் என்னய பொலிஸ்ல குடுக்கிற மாதிரி பாத்தான். மேச லாம்பு ஒண்ண குடுத்தாங்க. பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுற மாதிரி அதுக்கு முன்னால தப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கிட்டார் மாஸ்டரு வந்து, அண்ணே நேரமில்லண்ணேன்னாரு. ட்ரம்ஸ்காரப் பையன் அடிச்சான். நான் வெளிய பெஞ்சுல இருந்து கேட்டேன். நல்லாத்தான் அடிச்சான். என்னய மாதிரி இல்ல."

"கோவமா?"

"கோவம் என்னா கோவம். கொஞ்சம் நின்னிருக்கலாம். வெளிய மரத்தடியில நாலு குச்சிய பத்த வச்சிருந்தா முடிஞ்சிருக்கும்."

பிறகு வாளியைத் தூக்கினார். பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். பாத்தியின் மறுமுனையிலிருந்து சொன்னார்: "அந்த வரிய எழுது பிள்ள. ஆனா இந்தத் தரம் நான் மேல ஏறுறேன். எனக்கும் பொன்னாட போடணும். அவருக்குப் பக்கத்துல நின்னு அந்தப் பீஸ அடிக்கிறேன். அதுக்கப்புறம் அது உண்மையான வரி. முடியாதுன்னா திருவிழாவுக்கு வேற தப்பு செட்டு பாத்துக்கச் சொல்லு. எனக்கும் வயசாச்சு, இதுக்கு மேல எப்ப ஏறப் போறேன்?"

அன்று சாயந்திரம் கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியிருந்தது. தப்படிக்கும் மூத்தவர் சொன்னதையும் கேட்டதையும் சொன்னேன். 

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் வயதான ஒருவர்.

"என்னா வழக்கம்?" இது கமிட்டியிலிருந்த ஒரே பெண், கொழுந்து நிறுவையில் வேலை செய்கிறவர். "போன மழைக்கு ஆட்டையெல்லாம் அந்த மேடையில தானே கட்டி வச்சிருந்தீங்க. ஆடு ஏறலாம், மனுசன் ஏறக்கூடாதா மாமா?"

"ஆட்டுக்கு யாரும் பொன்னாட போடலையே."

"உங்க ஆடு ஒண்ணும் சாமிக்கு வாசிக்கலையே."

தலைவர் சிரித்துவிட்டார். வயதானவரும், சரி, செய்யுங்கள் என்றார். இரண்டு பொன்னாடை, மேடையில் இரண்டு கதிரை என்று முடிவானது. கதிரை இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னார். படி, கதிரை, பொன்னாடை, வரிசை எல்லாவற்றையும் பேசினார்கள். யாருக்கு யார் போர்த்துவது என்பதற்கே தனியாக ஒரு வாக்குவாதம் நடந்தது. நெருப்பைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதுவரை அது மேடைக்கு வர வேண்டிய அவசியம் ஒருபோதும் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து கிட்டார்க்காரருக்குப் போன் போட்டேன். மூத்தவர் சொன்னதைச் சுருக்காமல் சொன்னேன். 

"அண்ணே சொன்னாரா? அப்ப அது சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, "கமிட்டி அவங்கள ஏறவிடலங்கிறதும் பொய்யில்ல மிஸ். ஆனா நான் அத இறங்குனப்ப யோசிக்கல. பேப்பர்காரங்க கேட்டப்பதான் யோசிச்சேன். அவங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு. எனக்கும் பிடிச்சிருந்துச்சு."

நான் அதுவரை அவரிடம் கேட்ட நல்ல வாக்கியம் அதுதான்.

வாழ்த்துமடல் அரைப் பக்கத்தில் முடிந்தது. எங்கே பிறந்தார், எப்போது கிட்டாரைத் தொட்டார், எந்தெந்தத் தோட்டங்களில் வாசித்தார். கடைசி வரியை இப்படி வைத்தேன்: 'இத்தோட்டத்தின் மேடையில் இன்று தப்போடு சேர்ந்து வாசிக்கிறார்.' தலைவருக்கு அது சப்பென்றிருந்தது. அவருக்குச் சொல்லாத இன்னொரு கவலை எனக்கு இருந்தது. இன்னும் நடக்காததை நடப்பதாக எழுதியிருந்தேன். பத்திரிகையில் இருந்தால் அந்த இடத்தை வெற்றாக விட்டு, நடந்த பிறகு நிரப்பியிருப்பேன். சட்டம் போடுகிறவர் அதுவரைக்கும் பொறுக்கமாட்டார்.

கடைசி நாள், மாலை. பிரதம விருந்தினர் நுவரெலியாவுக்கு வெளிச்சத்தோடு திரும்ப வேண்டும் என்பதால் கௌரவிப்பை முதலில் வைத்துக்கொண்டார்கள். மழை இல்லை. ஆனால் மைதானத்தின் கீழ்ப்பக்கம் தேயிலை மலையிலிருந்து பனிமூட்டம் ஏறிவர ஆரம்பித்திருந்தது. மேடைக்குப் பின்னால் மற்றத் தப்புக்காரர்கள் மிலாறு போட்டு நெருப்பு மூட்டியிருந்தார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள், நன்றாகக் காய்ந்தவை, படபடவென்று எரிந்தன. மூத்தவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தப்பை நெருப்புக்கு முன் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்தார். மணி மாதிரிக் கேட்டது. திருப்தியோடு படியேறினார். ஆறேழு படிதான். கடைசிப் படியில் நின்று சனத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் பிந்தி வந்தது.

கிட்டார்க்காரரை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். ஒரே உயரக் கதிரைகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். மூத்தவர் தப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

பிரதம விருந்தினர் பேசினார். அவரை அழைத்து வந்தவர் பேசினார். அவருக்கு நன்றி சொன்னவரும் பேசினார். அதற்குள் மூட்டம் மைதானத்தைத் தாண்டி மேடைக்குள் வந்துவிட்டது. மைக் பிடித்திருந்தவரின் தலைமயிரில் துளித்துளியாக ஈரம் நிற்பது மின்வெளிச்சத்தில் தெரிந்தது. மூத்தவர் தப்பின் தோலில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதைக் கண்டேன். பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். அதன் நுனியை இழுத்துத் தப்பை மூடிக்கொண்டார். எழுந்து கீழே போய்க் காய்ச்சிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு காலம் கழித்து ஏறியவர், தன்னைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படி இறங்குவார்?

வாழ்த்துமடலைத் தலைவர் வாசித்தார். 'இன்று தப்போடு சேர்ந்து வாசிக்கிறார்' என்று முடித்தார். கைதட்டினார்கள். கிட்டார்க்காரர் கதிரையிலிருந்து எழுந்து நின்று முதல் வரியை வாசித்து, அதே பழைய இடத்தில் நிறுத்தினார்.

மூத்தவர் எழுந்து தப்பைத் தோளில் மாட்டி அடித்தார். ஈரச் சாக்கில் அடித்த மாதிரி ஒரு சத்தம்.

மறுபடி அடித்தார். அதே சத்தம். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்னால் பரவியது. "பெரியப்பா, அரிசி மூட்டையா அது?" என்று ஒருவன் கத்தினான். "கீழ இருக்கவங்கள அடிக்கச் சொல்லுங்க." "பாட்டப் போடுங்கப்பா."

மூத்தவர் தப்பைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. சனத்தையும் பார்க்கவில்லை. தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தை நான் ஓரத்திலிருந்து பார்த்தேன். அதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இரவுக் கச்சேரிக் குழுவில் கீபோர்ட் வாசிக்கிறவர் உதவி செய்யும் எண்ணத்தோடு தன் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினார். தப்பின் சத்தம் வந்தது. சுத்தமாக, சரியான வேகத்தில், பாக்ஸ் முழுவதும் நிறைந்து வந்தது. சனம் உற்சாகமானது. கிட்டார்க்காரர் அப்படியே தொடர்ந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். மலைப் பீஸ் அன்று நன்றாக நடந்தது என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கீபோர்ட்காரருக்குப் புரியவில்லை. "அத நிப்பாட்டுப்பா" என்றார். மைக்கில் விழுந்ததால் எல்லாருக்கும் கேட்டது. சத்தம் நின்றது. அவர் மூத்தவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, போய் காய்ச்சிக்கிட்டு வாங்க. நான் நிக்கிறேன்."

மூத்தவர் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, பொன்னாடையோடு படியிறங்கிப் பின்னால் போனார். அவரை இறக்கி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துப் பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அறிவிப்பாளர் ஓடிவந்து, இந்த இடைவெளியில் மாஸ்டர் ஒரு பழைய பாடலை வாசிப்பார் என்றார். மாஸ்டர் தலையை ஆட்டி மறுத்தார். கிட்டாரின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு நின்றார். கதிரை பக்கத்திலேயே இருந்தது. உட்காரவில்லை. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார்.

மேடையில் எதுவும் நடக்காமலிருப்பது சனத்துக்குப் பழக்கமில்லை. விசில் அடித்தார்கள். பிரதம விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார், நான்தான் இதற்குப் பொறுப்பு என்பதுபோல. மூத்தவர் அவசரப்படவில்லை. வேண்டுமென்றே தாமதித்தார் என்று இன்றும் நம்புகிறேன். மிலாறு இன்னும் போடச் சொல்லும் குரல் கேட்டது. பிறகு விசில்கள் ஓய்ந்தன. அந்த அமைதியில் மேடைக்குப் பின்னாலிருந்து விரலால் தோலைச் சுண்டும் சத்தம் ஒன்று, மந்தமாக. கொஞ்சம் கழித்து இன்னொன்று, அதைவிடக் கூர்மையாக. கிட்டார்க்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது, மணி மாதிரி. சனத்தில் யாரோ "ஆ, வந்திருச்சு" என்றார்கள். இப்போது எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவர் அடித்துக்கொண்டே படியேறினார். முதல் படியிலேயே அந்தத் தாளம் தொடங்கிவிட்டது.

வாசிப்பைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் பாதி நன்றாக இருந்தது. இரண்டாம் பாதியில் கிட்டார்க்காரரின் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. மூன்று இடங்களில் சுரம் மங்கியது, ஒரு திருப்பத்தை முழுதாக விட்டுவிட்டார். ஆனால் நிறுத்த வேண்டிய எந்த இடத்திலும் நிறுத்தத் தவறவில்லை. அந்த இடைவெளிகளில் தப்பு விழுந்தபோது, கசெட்டில் இத்தனை காலம் எதைக் கேட்காமல் இருந்தோம் என்பது தெரிந்தது. ட்ரம்ஸ்காரர் ஒரே அளவாக அடித்திருந்தார். மூத்தவர் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை பிந்தி அடித்தார். கிட்டார் அதற்காகவே காத்து நிற்கிற மாதிரி இருந்தது. தோல் மறுபடி தளர்வதற்குள் முடித்துவிட்டார்கள்.

கிட்டார்க்காரருக்கு அவ்வளவு புகழ் தகுமா என்று ஹட்டனில் என்னை இன்னும் கேட்கிறார்கள். வேகத்துக்காக என்றால் தகாது. புதுமைக்காக என்றால் பாதி தகும். மேடையிலிருந்து குதித்த வீரத்துக்காக என்றால், அவர் குதிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்தவரை அவருடைய திறமை மற்றவருடைய சத்தத்துக்கு இடம் விடுவது. ஒருமுறை அதை முக்கியமான நேரத்தில் செய்யவில்லை. அந்தத் தவறைத்தான் கசெட்டாக ஊரெல்லாம் வாங்கி வைத்திருக்கிறோம். இந்தமுறை செய்தார், அதுவும் தன் பெயரைக் கேட்டுக் கூடியிருந்த சனத்துக்கு முன்னால் ஒன்றும் வாசிக்காமல் நின்று. வாழ்த்துமடலில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. மடல் ஏற்கெனவே சட்டத்தின் கண்ணாடிக்குள் போய்விட்டது.

எல்லாம் முடிந்தபின் கிட்டார்க்காரரை மனைவி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளப் படிபடியாக இறக்கினார்கள். நெருப்பு இன்னும் எரிந்தது. இரவுக் கச்சேரிக்காக மற்றவர்கள் தங்கள் தப்புகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தலைவர், அடுத்த வருடம் மேடையிலேயே தகரம் போட்டு நெருப்பு வைத்தால் என்ன என்றார். லைட் போடுகிறவர், அப்படியானால் நான் வரமாட்டேன் என்றார்.

"அந்த வரி இப்ப சரிதானே மிஸ்?" என்று தலைவர் என்னிடம் கேட்டார்.

"இப்ப சரி" என்றேன்.

கிட்டார்க்காரர் நெருப்புக்கு முன் வந்து வீங்கிய விரல்களை நீட்டினார். மூத்தவர் அவரை ஏறிட்டுப் பார்க்காமல் தப்பைத் திருப்பினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாஸ்டர். தோலுக்குச் சூடு படல."

அவர் தள்ளி நின்றார்.